480 ரூபாயில் இரண்டு கிறிஸ்துமஸ் சாக்ஸ்

டிசம்பர் முதல் வாரம் மாடியில் ஸ்டார் கட்ட ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் கீழே நின்று கேட்டாள்: "சித்தி, நம்ம வீட்ல சாக்ஸ் தொங்கவிட மாட்டோமா?" அவளுக்கு நாலு வயது. பிளே ஸ்கூலில் ஏதோ படம் காட்டியிருக்கிறார்கள்: கிறிஸ்துமஸ் ராத்திரி பிள்ளைகளுக்குப் பரிசுச் சாமான்களைப் போட்டுத் தொங்கவிடும் பெரிய சாக்ஸ். பாளையங்கோட்டையில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஸ்டார், குடில், கேரல் ரவுண்ட்ஸ், விடியற்காலை ஆராதனை, அச்சு முறுக்கு. சாக்ஸ் எங்கள் வீட்டு வழக்கத்தில் கிடையாது. ஆனால் பிள்ளை ஆசையாகக் கேட்டதை ஏன் விடவேண்டும்? செய்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அவளுக்கு ஒன்று, என் மகனுக்கு ஒன்று. அவனுக்கு ஒன்றரை வயது. புதுத்துணி, கேக், காணிக்கை என்று டிசம்பரில் செலவு வரிசை கட்டி நிற்கும். அதனால் இரண்டு சாக்ஸுக்கும் சேர்த்து 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் கடைக்குத்தான் போனேன். பத்துச் சாமான் கொண்ட பாக்கெட் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விசில், கோலி அளவில் ஒரு ரப்பர் பந்து, அமுக்கினால் வெளிச்சம் வரும் மோதிரம், பலூன். மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பட்டன் பேட்டரி, அதன் மூடிக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்லை. அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். என் மகன் கையில் எது கிடைத்தாலும் அடுத்த நொடி வாயில்தான் இருக்கும். அவன் வாய்க்குள் போகாத பொருளாகத்தான் அவன் சாக்ஸில் இருக்கவேண்டும். அதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை வீட்டிலேயே செய்தேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சரிவாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4, எதிர்ப்பக்கம் 57.1 மில்லிமீட்டர். எந்தப் பொருளோ துண்டோ அழுத்தாமல் அதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது தொண்டையில் மாட்டக்கூடியது என்று கணக்கு. இந்த விட்டத்துக்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் வருகிறது. ஆக, சார்ட் பேப்பரில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சரியாகத் தொடும்படி செலோ டேப் ஒட்டினால் அந்த உருளை கிடைத்துவிடும். சரிவெல்லாம் வெட்டவில்லை. உயரத்தை 6 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டேன். அசலைவிட இது இன்னும் கண்டிப்பானது. உருண்டையான பந்து மாதிரி சாமான் மட்டும் இன்னும் பெரிதாக இருக்கவேண்டும், விட்டம் 44.5 மில்லிமீட்டராவது வேண்டும். அதற்கு 14 சென்டிமீட்டர் பட்டையில் இரண்டாவது உருளை. சார்ட் பத்து ரூபாய். இந்த வேலை முழுவதிலும் உருப்படியான பத்து ரூபாய் இதுதான்.

அடுத்தது சாக்ஸ். உள்பாவாடை தைக்கும் சிவப்புப் பாப்ளின் ஒரு மீட்டர் 90 ரூபாய். செய்தித்தாளில் மாதிரி வரைந்தேன்: உயரம் 38 சென்டிமீட்டர், கால் பகுதி அகலம் 17, பாதத்தின் நீளம் 24. துணியை இரண்டாக மடித்து வைத்து வெட்டினால் இரண்டு இரண்டாக வரும். மேல்விளிம்பை விட்டுவிட்டுச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இரட்டைத் தையல். தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தால் கணுக்கால் வளைவில் துணி சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கிறது. இஸ்திரி போட்டும் படியவில்லை. அம்மா கையில் வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார்கள். "வளைவுல கத்திரி குடுக்காம திருப்பினா இழுக்கத்தானட்டி செய்யும்?" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உள்பக்கம் திருப்பி, தையல் வரை போகாமல் ஒரு நூல் விட்டு, வளைவு நெடுக அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்தார்கள். திருப்பியதும் படிந்துவிட்டது. மேல்பட்டைக்குப் பழைய வெள்ளைப் பூத்துவாலை. தொங்கவிடும் நாடா அரைச் சாண்தான். நீளமாக விட்டால் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இனி உள்ளே வைக்கும் சாமான்கள். இதில் எனக்கு அதிக நேரம் பிடித்ததும், மனம் நிறைந்து செய்ததும் கிரேயான்தான்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய உடைந்த கிரேயான் கிடந்தது. அக்கா மகள் உடைத்தது பாதி, எதிர்வீட்டுப் பிள்ளைகள் கொடுத்தது மீதி. ஒன்றரை வயதுக் கை பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிக்காது. உள்ளங்கையில் வைத்து மொத்தமாகப் பொத்திக்கொள்ளும். மெல்லிய கிரேயானை அப்படிப் பிடித்து அழுத்தினால் உடனே உடையும். உடைந்த துண்டு நேரே வாய்க்குப் போகும். அந்தப் பொத்திய கைக்கு என்ன வடிவம் சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அடுப்படியில் நின்றபோது பரண்மேல் கிடக்கும் பழைய பணியாரக்கல் ஞாபகம் வந்தது. ஏழு குழி. வாய் நாலேகால் சென்டிமீட்டர், ஆழம் இரண்டு. உருளையை எடுத்து வந்து அளந்தேன். பணியாரம் அதற்குள் போகவே போகாது.

கிரேயானை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் சுற்றியிருக்கும் காகிதம் தோல் மாதிரி உரிந்துவரும். ஈரத்தை நன்றாகத் துடைத்து, நிறம் வாரியாகப் பிரித்தேன். முதல் தடவை துண்டுகளை நேரே குழியில் போட்டு, கல்லைச் சிறு தீயில் வைத்தேன். அது தப்பு. இரண்டு நிமிடத்தில் புகை கிளம்பியது, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைக்க வேண்டியதாயிற்று. ஒரே குழியில் போட்ட மூன்று நிறமும் கலந்து மண் நிறமாகிவிட்டது. ஆறவைத்து எடுத்ததில் இன்னொரு கோளாறு தெரிந்தது. வட்டமான அடிப்பக்கம் நன்றாக எழுதுகிறது. தட்டையான மேல்பக்கத்தைக் காகிதத்தில் தேய்த்தால் மெழுகு மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது, நிறமே இல்லை. மெழுகு அதிகச் சூட்டில் தண்ணீராக இளகியதும் நிறப்பொடி அடியில் படிந்துவிட்டிருக்கிறது.

மறுநாள் முறையை மாற்றினேன். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்குள் பழைய எவர்சில்வர் டம்ளரை இறக்கி, டம்ளரில் ஒரே நிறத் துண்டுகளைப் போட்டேன். உருகியதும் இறக்கி ஐஸ்கிரீம் குச்சியால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் எண்ணெய் மாதிரி ஓடும். அப்போது ஊற்றக்கூடாது. குச்சியைத் தூக்கினால் தோசை மாவு விழுகிற மாதிரி கெட்டியாக விழும் ஒரு கட்டம் வரும், ஊற்றவேண்டியது அப்போதுதான். நிறப்பொடி அடியில் படிய நேரமில்லாமல் மெழுகு உறைந்துவிடும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் முதல் நிறத்தை அரைக்குழிக்கு ஊற்றி, மேலே ஆடை கட்டியதும் அடுத்ததை ஊற்றினால் கலக்காது. கல்லை ஃப்ரீசரில் இருபது நிமிடம் வைத்தேன். மெழுகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் கவிழ்த்து ஒரு தட்டு தட்டியதும் ஏழும் உதிர்ந்தன. ஒரு குழிக்கு நாலைந்து கிரேயான் பிடித்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்தக் கல்லை இனிமேல் அடுப்பில் வைப்பதாக இல்லை, கிரேயானுக்கே ஒதுக்கிவிட்டேன். டம்ளரில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சூடு ஆறுவதற்கு முன் செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். சிங்கில் கழுவினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், உருட்டி உருவம் செய்து விளையாடும் பிசைமாவு. இது பெரியவளுக்கு மட்டும். ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு கப் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான சட்டியில் சிறு தீயில் கிளறவேண்டும். கொழுக்கட்டைக்கு மாவு கிண்டுகிற அதே பக்குவம்தான்: சட்டியை விட்டு ஒன்றாகத் திரண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் பிசைந்தால் பட்டு மாதிரி ஆகிவிடும். ஒரு பங்குக்குத் தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். எலுமிச்சையின் புளிப்பு இருப்பதால் அந்த நிறம் நன்றாக நின்றது. இன்னொரு பங்குக்கு நீல ஃபுட் கலர், பாட்டில் 25 ரூபாய். மஞ்சள்தூள் போடலாம்தான், ஆனால் புதுத்துணியில் பட்டால் போகாது, அதனால் விட்டேன். மைதா 30, உப்பு 15.

15ஆம் தேதி செய்து டப்பாவில் போட்டுவைத்தேன். நாலு நாள் அடைமழை. 20ஆம் தேதி திறந்தால் மாவு கையோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இவ்வளவு உப்பு இருக்கும்போது மழைக்காலக் காற்றின் ஈரத்தை அது இழுக்காமல் என்ன செய்யும்? கெட்டுப்போகவில்லை, வாடையும் இல்லை. ஒரு கரண்டி மைதா தூவி, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டி எடுத்ததும் பழைய பதத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் இதைக் கடைசி இரண்டு நாளில் செய்வதே நல்லது. இன்னொன்று, இதில் உப்பு மிக அதிகம். நாக்கில் பட்டால் பிள்ளை தானே துப்பிவிடும் என்றாலும், எல்லாவற்றையும் தின்று பார்க்கிற வயதில் இதைக் கொடுக்கவே கூடாது. சின்னவன் சாக்ஸில் இதை வைக்கவில்லை.

அவனுக்கு வேடிக்கை பாட்டில். கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி நீலத் தண்ணீர், பாதி எண்ணெய். குலுக்கினால் எண்ணெய் முத்து முத்தாகப் பிரிந்து மெதுவாக மேலே ஏறும். ஃபுட் கலர் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் ஏறாது. அதனால் எத்தனை தடவை குலுக்கினாலும் மறுபடியும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். வீட்டில் கைக்கு வந்தது தேங்காய் எண்ணெய், அதையே ஊற்றி மூடியையும் ஒட்டிவிட்டேன். மறுநாள் மார்கழிப் பனி. விடியற்காலையில் பார்த்தால் பாட்டிலின் மேல்பாதி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குப் பக்கத்தில் உறையும் என்று தலைக்கு எண்ணெய் தேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும், ஊற்றும்போது மனதில் வரவில்லை. அந்த பாட்டிலைத் திறக்க முடியாது. இன்னொரு பாட்டிலில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி மறுபடியும் செய்தேன். மூடியின் மரையில் எம்-சீல் (20 ரூபாய்) நன்றாகப் பிசைந்து தடவி இறுக்கி, வெளியே விளிம்பைச் சுற்றியும் ஒரு பூச்சு. ராத்திரி முழுவதும் செய்தித்தாள்மேல் தலைகீழாக நிற்கவைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்த்த பிறகுதான் சாக்ஸுக்குள் போனது.

விலை கொடுத்து வாங்கிய ஒரே விளையாட்டுச் சாமான் அம்பாசமுத்திரம் சொப்பு. 170 ரூபாய், பனை ஓலைப் பெட்டியில். மரத்தைக் கடைசல் பிடித்து, சுற்றும்போதே அரக்கை அழுத்திப் பிடிப்பார்கள். அந்த உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறி மின்னும். அம்மா ஆடியதும் நாங்கள் ஆடியதும் இதைத்தான். இது நம்ம ஊர்ச் சாமான், இதற்கு என்ன சோதனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் உருளையை எடுத்து மேசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அம்மிக் குழவி முழுதாக உள்ளே இறங்கி மறைந்தது. கரண்டி மறைந்தது. உலக்கை மறைந்தது. குட்டி டம்ளர் மறைந்தது. குடம் வாயிலேயே நின்றது. பானையும் அண்டாவும் நின்றன. பார்த்துக்கொண்டிருந்த அம்மா குழவியை எடுத்து விரலில் உருட்டியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். "உங்களயெல்லாம் எப்பிடி வளத்தமோ" என்றார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது பெரியவளுக்குக் கொடுத்தது சின்னவனுக்குக் கொடுத்ததுபோலத்தான். அதனால் பெட்டியை இரண்டாகப் பிரித்தோம். குடம் அவன் சாக்ஸுக்கு. பானையும் அண்டாவும் அவளுக்கு. சின்னச் சாமான்கள் ஓலைப் பெட்டியோடு பீரோமேல் ஏறின. அவன் மத்தியானம் தூங்கும்போது ஆச்சியும் பேத்தியும் மட்டும் இறக்கி வைத்துச் சோறாக்கி விளையாடுவது என்று ஏற்பாடு.

மீதி எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஜோடி தொலைந்த சாக்ஸில் இரண்டு கைப்பாவை. கண்ணுக்கு பட்டன் வைக்காமல் நூலால் தைத்தேன். கம்பளி நூல் முடி (20 ரூபாய்) பெரியவளுடையதற்கு மட்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் அட்டையில் அச்சடித்த சித்திரமே கவரிலும் இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டி சார்ட்டில் ஒட்டினால் ஜோடி சேர்க்கும் அட்டை. எட்டு ஜோடி தேறியது. கதைப் புத்தகத்துக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே ஏராளமாக இருக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், அதற்கு அனுமதியுள்ள உரிமத்தில்தான் வெளியிடுகிறார்கள். ஆறு தாள் கலர் பிரிண்ட் 60 ரூபாய். பின் அடிக்கவில்லை, ஊசிநூலால் நடுவில் மூன்று தையல் போட்டேன்.

சாக்ஸின் விரல்முனையில் கமலா ஆரஞ்சு வைப்பது பழைய வழக்கம். நாலாம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயராக இருந்த புனித நிக்கோலாஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மீரா இன்றைய துருக்கியில் தெம்ரே. சீதனம் கொடுக்க வழியில்லாத ஒருவரின் மூன்று பெண்களுக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியே பொன் முடிச்சுகளை எறிந்தாராம். அது காயப்போட்டிருந்த சாக்ஸில் விழுந்ததாம். அந்தப் பொன்னுக்குப் பதில்தான் ஆரஞ்சு. அக்கா மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, சாண்டா தாத்தா இறங்கிவர நம்ம வீட்டில் புகைபோக்கி இல்லையே என்ற அவள் கவலையும் தீர்ந்தது. ஜன்னல்தான் இருக்கிறதே. ஆரஞ்சு 40 ரூபாய். அதோடு கூட்டிப் பார்த்தால் 480.

24ஆம் தேதி பிள்ளைகள் தூங்கிய பிறகு நிரப்பினேன். அடியில் ஆரஞ்சு, அதன்மேல் கனமானவை, மேலே கைப்பாவை எட்டிப்பார்க்கிற மாதிரி. தொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டாமல் முன்னறை ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஆராதனை முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். அவள் கைப்பாவையை மாட்டிக்கொண்டு ஆச்சியிடம் பேசவிட்டாள்; பிசைமாவை வெளியே எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. சின்னவன் முதலில் எடுத்தது குடம். எடுத்தான், நேரே வாய்க்குத்தான் கொண்டுபோனான், போகவில்லை. திருப்பித் திருப்பிக் கடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் உருட்டினான். ஆரஞ்சைக் கொட்டையும் தோலும் நீக்கிச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தேன்.

பணியாரக் கிரேயானை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தான். சிவப்பு ஒன்றை உள்ளங்கையில் பொத்தி, தரையில் விரித்த செய்தித்தாளில் தோளிலிருந்து கையை வீசி ஒரு கோடு இழுத்தான். கோடு விழுந்ததைப் பார்த்ததும் நிறுத்தி, கிரேயானின் அடியைத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் இழுத்தான். நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கு மறுநாள் ஸ்டாரை இறக்கினோம். அன்றைய கணக்கு இது: கிரேயான் ஏழில் ஆறு முழுசு. ஒன்று விளிம்பில் உடைந்தது, துண்டு உருளைக்குள் போனதால் எடுத்துவிட்டேன். பாட்டில் கசியவில்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை மூடியைத் தடவிப் பார்க்கிறேன். கைப்பாவை ஒன்றில் கண்நூல் தளர்ந்திருந்தது, திரும்பத் தைத்தேன். மாவு காய ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் தாங்கும். ஜோடி அட்டையில் ஒன்று காணவில்லை.

சாக்ஸ் இரண்டையும் துவைத்து மடித்தேன். அந்துருண்டை குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்பதால், நிழலில் காயவைத்த வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தேன். சார்ட் உருளைகள் இரண்டையும் அமுங்காமல் பெரியவளுடைய சாக்ஸுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு மே மாதம் பிரசவம், அடுத்த டிசம்பரில் மூன்றாவது சாக்ஸ் தைக்கவேண்டும். பாப்ளின் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.